அட்சதை விழுந்த கீபோர்டு

எங்கள் இசைக்குழுவில் ஆறு பேர் இருந்தோம். தபலாக்காரர் துபாய்க்குப் போனார். டிரம்ஸ்காரர் பரீட்சை எழுதிப் பாஸாகி அரசாங்க ஊழியர் ஆனார். பாடகி பிரசவத்துக்குப் போனாள். குழந்தை தூங்கும் நேரத்தில் தானும் தூங்குவதே உத்தமம் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டாள். பாஸ் கிடார்காரரும் பாடகரும் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்தினார்கள். காரணம் யாருக்கும் தெரியாது. அவர்களுக்கே தெரியுமா என்பதும் சந்தேகம். மிச்சம் இருந்தது நான், என் பழைய கீபோர்டு, குழுவின் பேர் எழுதிய பேனர். பேனரை அம்மா மொட்டைமாடியில் வடகம் காயப்போட எடுத்துக்கொண்டாள்.

நான் மின்னணுவியல் படித்தவள். துவாக்குடியில் ஒரு தொழிற்சாலையில் கட்டுப்பாட்டுப் பலகைகளைச் சோதித்து, பாஸ் அல்லது ஃபெயில் என்று சீட்டு ஒட்டுகிறேன். வேலையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பலகை பாஸானால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஃபெயிலானால்தான் பார்க்கிறார்கள். சனி, ஞாயிறு சாயங்காலங்களில் மேடையில் நின்று வாசிப்பது அதற்கு நேர்மாறானது என்று நான் சொல்லவில்லை. ரிசப்ஷனிலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இருந்தும் அது இல்லாத வாரங்கள் எனக்கு வாரங்களாகவே தோன்றவில்லை.

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் வழக்கமாக வாசிக்கும் கல்யாண மண்டபத்துக்குப் போய் மேனேஜரிடம் நிலைமையைச் சொன்னேன். தனியாகவே வாசிக்கிறேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார், மற்ற ஐந்து பேரும் எனக்குப் பின்னால் எங்காவது ஒளிந்திருக்கிறார்களா என்று தேடுவது போல.

"ஆறு பேர் வாசிக்கறா மாதிரி இருக்கணும். ஒருத்தி வாசிக்கறாங்கறதே தெரியப்படாது. தெரிஞ்சுதோ, அடுத்த சீசன்லேர்ந்து டிஜேதான். அவன் ஒருத்தன்தான் வரான், ஊரே அதிர்றது."

அடுத்து வந்த முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ரிசப்ஷன் எனக்கு. அதில் அவருக்குத் திருப்தி என்றால், மண்டபம் பதிவு செய்ய வருகிற ஒவ்வொரு வீட்டாரிடமும் என் பேரைச் சொல்வார். இல்லையென்றால் நானும் வடகம்தான்.

ஆகவே எனக்கு ஓர் அரேஞ்சர் கீபோர்டு தேவைப்பட்டது. இடது கையால் நாலு கட்டைகளைச் சேர்த்துப் பிடித்தால், பெட்டிக்குள்ளிருக்கும் தபலா, டிரம்ஸ், பாஸ், கிடார் எல்லாம் அதைப் புரிந்துகொண்டு கூடவே வாசிக்கும். வலது கை பாட்டைப் பார்த்துக்கொள்ளும். பெட்டிக்குள் இருப்பவர்கள் துபாய்க்குப் போக மாட்டார்கள். ஒருவரோடொருவர் பேசாமல் இருக்க மாட்டார்கள்.

நான் எதை வாங்கினாலும் முதலில் அட்டவணை போடுகிறவள். அம்மாவுக்கு மிக்ஸி வாங்கியபோதே போட்டேன். இதற்கும் போட்டேன், ஒவ்வொரு அம்சத்துக்கும் எவ்வளவு முக்கியத்துவம் என்ற எண்ணோடு. எடை: மாடிப்படியில் என்னால் தனியாகத் தூக்க முடிய வேண்டும். கரண்ட் போய் வந்தால் எவ்வளவு சீக்கிரம் கண் விழிக்கிறது. சுருதி மாற்றும் பொத்தான் இருட்டிலும் கைக்குத் தட்டுப்படுகிறதா. இந்தக் கடைசி அம்சம் மணமகள் வீட்டு மாமாக்களுக்காக. ரிசப்ஷனில் கட்டாயம் ஒரு மாமா மைக் கேட்பார். பல்லவியை ஒரு சுருதியில் தொடங்கி, அனுபல்லவியில் வேறு வீட்டுக்குக் குடிபோவார். அவர் போகும் இடத்துக்கெல்லாம் பெட்டியும் போக வேண்டும். அதோடு, எப்படி நிறுத்துவது என்பதற்கும் ஒரு வரிசை இருந்தது. இந்தக் கீபோர்டுகளில் பாட்டை முடிப்பதற்கென்றே அழகான ஒரு முடிவு இருக்கும். ஆனால் எங்கள் ஊர் ரிசப்ஷன்களில் பாட்டு முடிவதில்லை. நடுவில் ஒருவர் மைக்கைப் பிடுங்கி, இன்ன நம்பர் கார் வழியை மறிக்கிறது என்று சொல்வார். அந்த இடத்தில் பெட்டி வாயை மூட வேண்டும்.

கடை பாலக்கரையில். இரண்டு பக்கமும் பாத்திரக் கடைகள், நடுவில் ஆர்மோனியமும் கிடாரும் தொங்கும் குறுகலான கடை. கடைக்காரரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவார்கள், நானும். என் அட்டவணையைப் போனில் காட்டினேன். மரியாதையாக முழுவதும் படித்தார்.

"எல்லாம் சரி தங்கச்சி. சத்தத்துல கேக்குமான்னு ஒரு வரி காணோமே?"

சேர்த்துக்கொள்கிறேன் என்றேன். சேர்த்தால் போதாது, பார்க்க வேண்டும் என்றார். அதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. இரண்டு பாத்திரக் கடைகளிலிருந்தும் ஐந்து ஆட்களைக் கூப்பிட்டு, கடைக்குள் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தார். பக்கத்துக் கடையில் எவர்சில்வர் தட்டுகளை அடுக்கச் சொன்னார். இது ரிசப்ஷன், நீங்கள் சாப்பிட வந்தவர்கள், பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று விளக்கினார். நான் முதல் கீபோர்டை வாசிக்கத் தொடங்கினேன். ஐந்து பேரும் வாயைத் திறக்காமல், கையைக் கட்டிக்கொண்டு, என்னையே பார்த்துக் கேட்டார்கள். ஒருவர் கண்ணைக்கூட மூடினார்.

பாய் மின்விசிறியை நிறுத்தினார். "ரிசப்ஷன்ல யாராவது பாட்டு கேப்பாங்களாப்பா? பேசுங்கப்பா. நெலம் வெலை பேசுங்க. மாப்பிள்ளையைக் குத்தம் சொல்லுங்க."

மறுபடி தொடங்கினேன். இந்த முறை மாப்பிள்ளையைக் குற்றம் சொன்னார்கள். இல்லாத மாப்பிள்ளைக்கு வழுக்கை என்றார் ஒருவர். வழுக்கை இல்லை, ஆனால் வேலை நிரந்தரம் இல்லை என்றார் இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் அது நிஜச் சண்டையாகி, ஒருவருடைய சொந்த மருமகனைப் பற்றிய பேச்சாக மாறிவிட்டது. பாய்க்குப் பரம திருப்தி. இதுதான் சரியான ரிசப்ஷன், இப்போது வாசிங்க என்றார். அந்தச் சண்டைக்கு நடுவே ஒவ்வொரு கீபோர்டாக வாசித்தேன். பலதும் அதில் மூழ்கிப்போயின. இரண்டு மட்டும் மேலே மிதந்தன.

ஒன்று பெரியது. கறுப்பு, பளபளப்பு, தொடுதிரை. அதில் வயலின் வாசித்தபோது மருமகன் சண்டையே ஒரு நிமிடம் தணிந்தது. கண் விழிக்க மட்டும் நேரமெடுக்கும். திரையில் தன் பேரைப் பலவிதமாக எழுதிக் காட்டிய பிறகுதான் வேலைக்கு வரும். மற்றது சின்னது. பழைய ரேஷன் கடைத் தராசின் சாம்பல் நிறம். ஆனால் சொன்னால் உடனே கேட்கும், உடனே நிற்கும். நம் ஊர்த் தாளங்கள் நிறைய இருந்தன. பாய் தானே சிலவற்றை ஏற்றி வைத்திருந்தார். அதில் ஒன்றுக்குக் கெட்டிமேளம் என்று பேர் வைத்திருந்தார். தொட்டதும் தவிலும் நாகஸ்வரமும் சேர்ந்து கடையின் கண்ணாடியை நடுங்க வைத்தன. எதிர்ச் சாரியில் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாள் நின்று இந்தப் பக்கம் பார்த்தார்.

ரிசப்ஷனில் கெட்டிமேளம் எதற்கு பாய் என்று கேட்டேன். "இருக்கட்டும் தங்கச்சி, கெடந்துட்டுப் போவுது" என்றார். அட்டவணையில் அதற்கு ஒரு வரிசை போட்டு, முக்கியத்துவம் பூஜ்யம் என்று எழுதினேன். கூட்டிப் பார்த்ததில் பெரியதே ஜெயித்தது. ஆனாலும் பாய் விடவில்லை. இரண்டையும் எடுத்துப் போய் மண்டபத்தில் வாசித்துவிட்டு, வேண்டாததைத் திருப்பிக் கொடுத்தால் போதும், ஒரு கீறல் இல்லாமல் வர வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

ரிசப்ஷனுக்குப் பெரியதைத்தான் வைத்தேன். சின்னது திரைக்குப் பின்னால், ஆபத்துக்கு உதவ. நன்றாகவே வாசித்தேன். மாமா மைக் கேட்டார், குடிபெயர்ந்தார், நானும் பின்தொடர்ந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கார் நம்பர் அறிவிப்பு வந்தபோது பெட்டி வாயை மூடியது. எல்லாம் முடிந்த பிறகு மேனேஜரிடம் போய் நின்றேன்.

"எப்படி சார் இருந்துது?"

"எது?"

தண்ணீர் மோட்டார் பழுதாகி, சாயங்காலம் முழுக்க அவர் கிணற்றடியில் நின்றிருக்கிறார். ஒரு ஸ்வரம்கூடக் காதில் விழவில்லை. காலையில் சாமான் எடுக்க வரும்போது ஒன்று வாசித்துக் காட்டு, கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். இரண்டு கீபோர்டுகளையும் மண்டபத்தின் சாமான் அறையில் பூட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் நான் போனபோது ஊஞ்சல் முடிந்திருந்தது. மணமகளுக்குக் கூரைப்புடவை கொடுத்து, கட்டிக்கொண்டு வர உள்ளே அனுப்பியிருந்தார்கள். மடிசார் கட்டி வர நேரமாகும். அவள் வந்ததும் தாலி. மேனேஜர் வாசலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, குரலைத் தணித்துக் கத்திக்கொண்டிருந்தார்.

அன்று பெரிய முகூர்த்த நாள். ஊரில் இருக்கும் அத்தனை மண்டபத்திலும் கல்யாணம். மேளக்காரர்கள் இங்கே ஊஞ்சலுக்கு வாசித்துவிட்டு, தில்லை நகரில் இன்னொரு கல்யாணத்துக்கு ஒரு கெட்டிமேளம் மட்டும் வாசித்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று, யாரிடமும் சொல்லாமல் போயிருக்கிறார்கள். இப்போது காவிரிப் பாலத்தில் வேன் நிற்கிறது. முன்னால் மூன்று கல்யாண பஸ்கள்.

மேனேஜர் போனை வைத்தார். என்னைப் பார்த்தார்.

"உன் பொட்டில மேளம் இருக்கோ?"

பூஜ்யம் என்று எழுதிய வரிசை கண் முன்னே வந்தது. பெரியதில் இல்லை, சின்னதில் இருக்கிறது என்றேன்.

"எடு. இதையே நான் கேட்டுக்கறேன். நெஜ மேளம் மாதிரி இருந்தா, சீசன் பூரா உனக்கு. இல்லேன்னா பொண்ணோட அப்பா என்னைக் காவேரில தள்ளுவார், நான் உன்னைத் தள்ளுவேன்."

மேளக்காரர்கள் உட்காரும் மேடையில் ஒரு மேஜை போட்டு, சாம்பல் நிறப் பெட்டியை வைத்து, மண்டபத்தின் ஸ்பீக்கரோடு இணைத்தேன். சாமான் அறையிலிருந்து அதோடு எடுத்து வந்த பெரியதைத் திரைக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். கெட்டிமேளத்தில் ஒரு பிரச்சினை உண்டு. மந்திரம் சொல்லும் வாத்தியார் விரலை ஆட்டுவதற்கும் மேளம் தொடங்குவதற்கும் நடுவில் இடைவெளி இருக்கக் கூடாது. அந்த இடைவெளியில் யாராவது தும்மிவிட்டால் என்னாவது என்பதற்காகத்தானே மேளமே. பொத்தானைத் தேடும் நேரம்கூட அதிகம். அரேஞ்சர்களில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. அதை இயக்கி வைத்தால், இடது பக்கக் கட்டைகளில் எதைத் தொட்டாலும் தொட்ட கணமே தாளம் தொடங்கிவிடும். அதை இயக்கி, சிவப்பு விளக்கு மினுங்குவதைச் சரிபார்த்தேன். மிகச் சரியான ஏற்பாடு. இன்று செய்யச் சொன்னாலும் அப்படித்தான் செய்வேன்.

வாத்தியார் பெட்டியைப் பார்வையிட வந்தார். இது யார் வாசித்தது என்று கேட்டார். தெரியாது, உள்ளே பதிவாகியிருக்கிறது என்றேன். கொஞ்சம் யோசித்து, எதற்கும் புண்ணியாகவாசன தீர்த்தத்தைப் ப்ரோக்ஷணம் பண்ணிவிடலாம் என்று மாவிலையைச் சொம்பில் தோய்த்தார். நான் பெட்டிக்குக் குறுக்கே விழாத குறை. மின்சாரத்தில் ஓடுவது, தண்ணீர் ஆகாது, அதோடு இது என்னுடையது இல்லை, பாலக்கரை பாயுடையது என்று சொன்னேன். அவர் மாவிலையைப் பிடித்தபடியே இருபுறமும் பார்த்தார்.

"அப்ப மேஜைக்குத் தெளிச்சுடறேன். மேஜை மண்டபத்தோடதுதானே?"

மேஜையின் நாலு கால்களுக்கும் தெளித்தார். பெட்டி சுத்தமான மேஜையில் இருப்பதால் போதும் என்று முடிவாயிற்று.

இதற்குள் மணமகளின் அத்தை பெரிய எவர்சில்வர் தட்டில் அட்சதையோடு வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தார். ஒவ்வொருவரும் ஒரு பிடி எடுத்துக் கையில் இறுக்கிக்கொண்டார்கள். மணமேடையில் அக்னிக்குப் பக்கத்தில் மணமகளின் அப்பா அமர்ந்திருந்தார். இந்தக் கல்யாணங்களில் மணமகள் அப்பாவின் மடியில் உட்காருவாள். மாப்பிள்ளை எதிரே நின்று தாலி கட்டுவார். வீடியோக்காரருக்கு அதில் ஒரு கவலை. மடியில் உட்கார்ந்தால் முகம் எந்த உயரத்துக்கு வரும் என்று தெரியாமல் எப்படி லைட் வைப்பது? தன் கூட்டாளியைக் கூப்பிட்டார். நெஞ்சு வரை தாடி வைத்த, வாட்டசாட்டமான மனிதர். ஒரு நிமிஷம் சார், லைட் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். விடிகாலையிலிருந்து எல்லோரும் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்த அப்பா இதற்கும் தலையாட்டினார். தாடிக்காரர் பாதி பாரத்தைத் தன் காலில் தாங்கி அவர் மடியில் உட்கார்ந்தார்.

"மாப்ள சார், சும்மா கையை மட்டும் கழுத்துக்கு நேரா வைங்க. ஆங், அப்படியே இருங்க."

வீடியோக்காரர் சொன்னபடி மாப்பிள்ளையும் வைத்தார்.

அந்தச் சமயம் அத்தை என் மேடைக்கு வந்து சேர்ந்தார். நானும் ஒரு பிடி எடுத்துக்கொண்டேன். அவருக்குத் தலையில் பூ நழுவியது. இரண்டு கையும் வேண்டும். தட்டை வைக்கச் சமதளமாக ஓர் இடம் தேடினார். கீபோர்டின் இடது கோடியில் வைத்தார்.

அந்தத் தட்டு அமுக்கிய ஸ்வரக் கூட்டத்துக்கு எந்த இசைப் புத்தகத்திலும் பேர் கிடையாது. பெட்டிக்கு அது பொருட்டில்லை. தொட்டாயிற்று. மண்டபத்தின் அத்தனை ஸ்பீக்கர்களிலும் கெட்டிமேளம் பொங்கியது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் தாலி கட்டுவதை யாரும் பார்ப்பதில்லை. பார்க்க முடியாது. முன்னால் போட்டோக்காரர், அவர் பக்கத்தில் வீடியோக்காரர், அவர்களுக்கு முன்னால் போனைத் தூக்கிப் பிடித்த உறவினர்கள். முதல் வரிசைக்கே முதுகுகள்தான் தெரியும். ஆகவே எல்லோரும் காதால்தான் கல்யாணத்துக்குப் போகிறோம். மேளம் கேட்டால் கை தானாக வீசும்.

வீசியது. மண்டபம் முழுவதும் எழுந்து நின்று, மஞ்சள் அரிசியை மழையாகப் பொழிந்தது. தாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை கையை எடுக்கவில்லை. அப்படியே இருங்க என்று சொன்னதில் இன்னும் இருந்தார். அப்பா மடியிலிருந்தவரைத் தள்ளுவதா பிடிப்பதா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டார். அத்தை பதறித் தட்டை எடுத்தார். ஆனால் கையை எடுத்தாலும் தாளம் நிற்காது; அரேஞ்சரின் பெருமையே அதுதான். நான் பாய்ந்து நிறுத்தும் பொத்தானை அமுக்கினேன். பெட்டி உடனே வாயை மூடியது. அட்சதை நிற்கவில்லை. பின்வரிசைக்காரர்கள் எறிந்தது எங்கள் மேடையோடு நின்று, கீபோர்டின் மேலும் என் தலை மேலும் விழுந்தது.

அடுத்து, எப்போதும் நடப்பதுதான் நடந்தது. அட்சதை போட்டவர்கள், போட்ட கையோடு, முதல் பந்திக்கு இடம் பிடிக்கச் சாப்பாட்டுக் கூடத்தை நோக்கி நடந்தார்கள். பாதி மண்டபம் காலியானது. மிச்சம் இருந்தவர்கள் மேடையை உற்றுப் பார்த்து, மணமகளுக்கு ஏன் தாடி என்று யோசிக்கத் தொடங்கினார்கள்.

வாத்தியார் எழுந்து நின்றார். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர், அட்சதை விழுந்துவிட்டதே, இதற்கு ஏதாவது பரிகாரம் உண்டா, இந்தத் தாடிக்காரருக்கும் நமக்கும் ஏதாவது சம்பந்தம் ஏற்பட்டுவிட்டதா என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. வாத்தியார் அதை நிதானமாக எடுத்துக்கொண்டார். மேளம் மாத்திரம்தான் ஆகியிருக்கிறது, மாங்கல்யதாரணம் ஆகவில்லை, மந்திரம் சொல்லவில்லை, எனவே விழுந்தது வெறும் அரிசி என்று தீர்ப்பு சொன்னார். தாடிக்காரர் அதைக் கேட்டு நிம்மதியாக எழுந்தார். அவருக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் இருந்தன.

அப்போது உள்ளேயிருந்து கூரைப்புடவையில் மணமகள் வந்தாள். காலடியில் அரிசி, காலி நாற்காலிகள், சாம்பார் வாசனை. எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"என்னை விட்டுட்டே பண்ணிட்டேளா?"

அவள் முகம் சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவில் எங்கோ நின்றது. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு சீசன், டிஜே, பேனர் எல்லாம் மறந்துவிட்டன. இந்தப் பெண்ணுக்கு ஒழுங்காக ஒரு மேளம் வேண்டும். அதுவும் முகூர்த்தம் தப்புவதற்குள்.

அத்தை சமையலறைக்கு ஓடி, புது அரிசியில் மஞ்சள் பிசிறிக்கொண்டு வந்தார். மேனேஜர் மைக்கை எடுத்து, முதலில் வந்தது தவறுதலாக வந்த மேளம், இனி வரப்போவதுதான் நிஜமான மேளம், தயவுசெய்து எல்லோரும் வரவும் என்று சாப்பாட்டுக் கூடத்துக்கும் கேட்கும்படி அறிவித்தார். பந்தியில் உட்கார்ந்தவர்கள் இலையில் கை வைத்துவிட்டார்கள். எச்சில் கையோடு எழுந்து வந்தார்கள், வலது கையை உயரத் தூக்கிக்கொண்டு, இடது கையில் அட்சதை வாங்கிக்கொண்டு. வந்தவர்கள் ஒருவரும் உட்காரவில்லை. மேனேஜர் நிஜம் என்கிறார், ஆனால் போன தடவையும் நிஜமாகத்தான் கேட்டது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

முன்வரிசையில் இருந்த வேஷ்டி கட்டிய பெரியவர் ஒருவர் எழுந்து, போட்டோக்காரரின் முதுகைத் தட்டினார்.

"உக்காரும். தாலியைக் கண்ணால பாத்தாத்தான் இந்தத் தடவை போடுவேன்."

பின்னாலிருந்து ஆமாம், உக்காருங்க என்று குரல்கள் எழுந்தன. போட்டோக்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வீடியோக்காரர் மண்டியிட்டார். தூக்கிப் பிடித்த போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. பின்வரிசைக்காரர்கள் நாற்காலி மேல் ஏறினார்கள்.

மணமகள் அப்பாவின் மடியில் உட்கார்ந்தாள். இந்த முறை அவர் எதையும் யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் அவளைப் பிடித்துக்கொண்டார். வாத்தியார் மந்திரத்தை முடித்து, என் பக்கம் திரும்பி, விரலை ஆட்டினார். நான் இடது கையை வைத்தேன்.

மேளம் தொடங்கியது. யாரும் அட்சதை போடவில்லை. மண்டபம் முழுவதும் கையை ஓங்கியபடி, கழுத்தை நீட்டி, மாப்பிள்ளையின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றது. முதல் முடிச்சு. நான் பார்த்தேன். எத்தனையோ கல்யாணங்களில் அந்த மேடைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன்; தாலி கட்டுவதை முதல் தடவையாகப் பார்த்தேன். அடுத்த முடிச்சுகளை மாப்பிள்ளையின் அக்கா போட்டார். பெரியவர் திரும்பி, "ஆயிடுத்து" என்றார். அதன் பிறகுதான் விழுந்தது, ஒரே நேரத்தில், கொஞ்சம் ரசமும் சேர்ந்து.

வாசல் பக்கம் ஒரு கலவரம் கேட்டது. மேளக்காரர்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். தவில்காரர் வேர்வையோடு மேனேஜரைப் பிடித்துக்கொண்டார்.

"பாலத்துல நிக்கிறோம், இதோ வந்துர்றோம்னுதானே சொன்னோம்? அதுக்குள்ள வேற செட்டைக் கூப்ட்டு ஒக்கார வெச்சுட்டீங்களே. இது நியாயமா? எந்த ஊர் செட்டு அது?"

மேனேஜர் என்னைக் கை காட்டினார். தவில்காரர் என்னைப் பார்த்தார், கீபோர்டைப் பார்த்தார், எங்களைத் தாண்டிப் போய் மேடைக்குப் பின்னால் இருந்த திரையை விலக்கிப் பார்த்தார். அங்கே பெரிய கறுப்புக் கீபோர்டு உறைக்குள் சுவரில் சாய்ந்திருந்தது. திரும்பி வந்தார். தவிலைத் தோளில் மாட்டி, மிச்ச மேளத்தையாவது நாங்கள் வாசிக்கிறோம் என்று உட்கார்ந்தார். நான் எழுந்து இடம் விட்டேன்.

மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றார்.

"முந்நூறு பேர் திரும்பிப் பாக்காம அரிசி போட்டுட்டாளே. இதுக்கு மேல நான் தனியா என்னத்தைக் கேக்கறது? ரிசப்ஷனுக்கெல்லாம் உன் பேரையே சொல்லிடறேன்." பிறகு குரலைத் தணித்தார். "ஆனா காலம்பற அந்தப் பொட்டியை உள்ள கொண்டு வராதே."

சாயங்காலம் இரண்டு கீபோர்டுகளையும் பாலக்கரைக்கு எடுத்துப் போனேன். வழியிலேயே முடிவு செய்திருந்தேன். அட்டவணைப்படி பெரியதுதான். வேலை கிடைத்ததற்குக் காரணம் சின்னது என்பது தெரியும். ஆனால் ரிசப்ஷனுக்குத் தேவை நல்ல வயலின். கெட்டிமேளத்தை இனி காலையில் உள்ளே கொண்டு போகவே கூடாது என்று உத்தரவு வேறு. உணர்ச்சிவசப்படாமல் முடிவெடுப்பது என் பழக்கம். நடந்ததை பாயிடம் சொன்னேன். பாத்திரக் கடைக்காரர்களும் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கேட்டார்கள். இந்த முறை யாரும் பேசச் சொல்லவில்லை, அவர்களும் பேசவில்லை. தாடிக்காரர் மடியில் உட்கார்ந்த கட்டம் வந்தபோது ஒருவர் சிரித்துச் சிரித்து ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டார்.

பிறகு சின்னதைத் திருப்பிக் கொடுத்தேன். பாய் அதை வாங்கி, வழக்கப்படி ஒரு தடவை சாய்த்துப் பார்த்தார்.

உள்ளே அரிசி சரிந்து ஓடும் சத்தம் கேட்டது.

மறு பக்கம் சாய்த்தார். திரும்ப ஓடியது. கட்டைகளுக்கு நடுவே மஞ்சள் கறை இறங்கியிருந்தது. துடைத்துப் பார்த்தார்; போகவில்லை. கீறல் ஒன்றும் இல்லை என்று நான் சொன்னேன். அது உண்மைதான். பிரித்துச் சுத்தம் செய்து தருகிறேன், எனக்கு அந்த வேலை தெரியும் என்றும் சொன்னேன். பாய் பெட்டியை மெதுவாக மேஜையில் வைத்து, என் பக்கமாக நகர்த்தினார்.

"அரிசியை எடுத்துரலாம் தங்கச்சி. ஆனா கல்யாணம் ஆன பொட்டியை நான் எப்படி இன்னொருத்தருக்குக் குடுக்கறது?"

ஸ்டூல்களில் இருந்தவர்கள் அதை ஆமோதித்தார்கள். பெரியதை விட்டுவிட்டு, சாம்பல் நிறத்தை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டினேன். பாலத்தில் ஒவ்வொரு மேட்டுக்கும் அது உள்ளே சலசலத்துக்கொண்டு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரித்துச் சுத்தம் செய்தேன். ஏறக்குறைய எல்லாம் வந்துவிட்டது. இடது கோடியில், அத்தை தட்டு வைத்த இடத்தில், ஒரு கட்டைக்கு அடியில் மட்டும் ஓர் அரிசி மணி இன்னும் இருக்கிறது. அழுத்தினால் லேசாக நெறுநெறுக்கும். எடுக்க முடியாமல் இல்லை. ரிசப்ஷன்களில் மாமா மைக்கைக் கேட்டு வரும்போது, அவர் எந்த சுருதிக்குப் போவார் என்று காத்திருக்கும் நேரத்தில், அந்தக் கட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். சிவப்பு விளக்கு எரியவில்லை என்பதை உறுதி செய்துகொண்ட பிறகுதான்.